சாயங்கால மாத்திரை

ஜனவரி 4, ஞாயிறு

டோல்கேட்டைக் குத்தகை எடுத்திருக்கும் கம்பெனி புது வருஷத்துக்கு எல்லாருக்கும் டைரி கொடுத்திருக்கிறது. என் கவுண்டரில் இருக்கும் உடைந்த நாற்காலியை மாற்றித் தா என்று போன தீபாவளியிலிருந்து கேட்கிறேன், அதற்குப் பதில் டைரி. சரி, கையில் வந்ததை வீணாக்குவானேன். எழுதுகிறேன்.

சண்முகத்தாய், டோலில் மூன்றாம் லேன் கவுண்டர், ஊர் கோவில்பட்டி. வீட்டுக்காரர் பால்பாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் அண்ணாச்சி மெடிக்கலில் இருக்கிறார். மகள் அபிராமி பதினொன்றாம் வகுப்பு, வாய் என்னைவிட நீளம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் டோலில் திருவிழாக் கூட்டம். ஃபாஸ்டேக் ஒட்டியவனெல்லாம் பறந்துவிடுவான், அதில் பணம் இல்லாதவன் எல்லாம் என் ஜன்னலில் வந்து நின்று சட்டம் பேசுவான். எட்டு மணி நேரம் வலது பக்கமாகத் திரும்பித் திரும்பி இடுப்பு கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் இவர் ஒரு செட் கொடுத்தார். மூன்று நாலு மாத்திரையைக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுத் தருவார்களே, வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்று, அதுதான். இவர் போடுகிற செட்டுக்கு ஊரில் தனி மவுசு. டாக்டரிடம் போகாமல் இவரைத் தேடி வருகிறவர்கள் எத்தனையோ பேர். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஜனவரி 5, திங்கள்

நேற்று எழுத விட்டுப்போனது. காலையில் எனக்கு இன்னொரு மாத்திரையும் உண்டு. ஈரலில் ஹெபடைடிஸ் பி வைரஸ். அபிராமி வயிற்றில் இருந்தபோது ரத்தம் பார்த்துச் சொன்னார்கள். என் அப்பாவுக்கும் அதுதான் இருந்திருக்க வேண்டும், வயிறு பானை மாதிரி வீங்கி நாற்பத்தாறில் போய்விட்டார். எனக்கு இப்போது நாற்பத்தொன்று. ஆறு வருஷமாகத் தினம் ஒரு மாத்திரை. முதல் மூன்று வருஷம் திருநெல்வேலியில் ஈரல் டாக்டரம்மாவிடம் போய் ரத்தம் கொடுத்து வாங்கி வந்தேன். அப்புறம் அதே மாத்திரையை இவரே கடையில் எடுத்து வர ஆரம்பித்தார். எதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று? நானும் சரி என்றேன்.

டோலில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என் டம்ளரைத் தனியாக எடுத்து வைப்பார்கள்.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். கொடி கட்டிய கார்க்காரன் ஒருவன் என்னை ‘ஏய்’ என்றான். மன்னிப்புக் கேட்டால்தான் தடுப்புக் கம்பு தூக்கும் என்று உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஒரே ஹாரன். கேட்டான். பக்கத்து லேன் எஸ்தர் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

இடுப்பு தாங்கவில்லை. செட் போட்டேன். தூங்கினேன்.

மார்ச் 3, செவ்வாய்

டோலில் மெடிக்கல் கேம்ப். கட்டாயமாம். ஈரல் விஷயம் தெரிந்துவிடுமோ என்று வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றேன். சர்க்கரை, ரத்தச்சோகை, கிட்னி மட்டும்தான் பார்ப்போம் என்று நர்ஸ் சொன்னதும்தான் மூச்சு வந்தது.

மார்ச் 6, வெள்ளி

ரிசல்ட். சர்க்கரை இல்லை. கிட்னிக்கு நேரே சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. கிரியாட்டினின் 1.7. ஒன்றுக்குள் இருக்க வேண்டுமாம். நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, உப்பு கூடியிருக்கு, உடனே டாக்டரைப் பாருங்க என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கவுண்டருக்குப் போய் மிச்ச டூட்டியையும் பார்த்தேன். ஒரு லாரிக்காரருக்குச் சில்லறை கூடக் கொடுத்துவிட்டேன், நல்ல மனுஷன், திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் பேப்பரை இவரிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஈரல் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் படித்தார். ஆறு வருஷமாக அந்தக் காகிதம் அங்கேதான் இருந்தது.

மார்ச் 7, சனி

ஈரல் மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்திருக்கிறது என்கிறார். அந்தக் காகிதத்திலேயே போட்டிருக்கிறதாம். நிறுத்திவிடலாம், ஒரு மாசத்தில் கிட்னி தானாகச் சரியாகும், அப்புறம் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றார்.

டாக்டரம்மாவைக் கேட்போமே என்றேன்.

“மூணு வருசமா வராம இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக? கிழிச்சு எடுத்துருவாங்க. நான் பாத்துக்கிடுதேன் சம்முகம்.”

மருந்து விஷயத்தில் அவரை மீறி நான் எதுவும் செய்ததில்லை. இன்று காலை மாத்திரை போடவில்லை. கை சும்மா இருக்கிற மாதிரி இருந்தது. இடுப்பு வலிக்குச் சாயங்காலம் வழக்கம்போல.

மார்ச் 22, ஞாயிறு

நன்றாகத்தான் இருக்கிறேன். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டேன். அபிராமி தட்டைத் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு என்கிறாள். ரத்தத்தில் சொல்கிற உப்பும் குழம்பில் போடுகிற உப்பும் வேறு என்று இவர் சொன்னார். இருந்தாலும் குறைத்துத்தான் போடுகிறேன், வேறு என்னதான் செய்வது?

ஏப்ரல் 9, வியாழன்

கடைக்குப் பக்கத்து லேபில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 1.9.

குறைய வேண்டியது கூடியிருக்கிறது. மாத்திரைதான் காரணம் என்றால் அதை நிறுத்தி ஒரு மாசம் ஆகிறதே, ஏன் குறையவில்லை என்று இவரைக் கேட்டேன். சோறு போட்டு வைத்தேன், பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. என் கேள்வி தப்பா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று செட் தரவில்லை. கேட்டால், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள் என்கிறார். ஏன் என்றேன்.

“தெனம் போட்டா பழக்கமாயிரும். விட்டுரு.”

பழக்கமாவதாக இருந்தால் எப்போதோ ஆகியிருக்கும், இத்தனை வருஷம் கழித்து இன்றைக்கு என்ன ஞானோதயம்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஊருக்கெல்லாம் கத்தரித்துக் கொடுக்கிற கைக்குப் பெண்டாட்டிக்குக் கொடுக்க வலிக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். அவர் பாட்டுக்கு வெந்நீர் போட்டு எடுத்து வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். பாயசம் வைத்தேன். வண்டிக் கூட்டம் சொல்லி மாளாது. டோலுக்கு எதிரே புரோட்டாக் கடையை ஒட்டி ஒரு மெடிக்கல் இருக்கிறது. அங்கே ஒரு செட் வாங்கிப் போட்டேன். இவர் போடுவது மாதிரி இல்லை, ஆனாலும் வலி நின்றது. இவரிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் ஒரு விஷயமாகச் சொல்வார்களா?

மே 2, சனி

வெயில். நாற்காலி அப்படியே இருக்கிறது. அந்தக் கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்ததுமே கவரை எடுத்து வைத்துவிடுகிறார்.

மே 19, செவ்வாய்

அசதி. படியேறினால் மூச்சு வாங்குகிறது. அக்னி நட்சத்திரம் அல்லவா, எல்லாருக்கும்தான் இருக்கும்.

மே 23, சனி

மீன் குழம்பு வாசனையே பிடிக்கவில்லை. வாந்தியெல்லாம் இல்லை. ஒரே ஒரு தடவை. புரோட்டாக் கடைச் சட்னி சரியில்லை.

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. தண்ணீர் குடிக்காததால் இருக்கும். கவுண்டரை விட்டு எழுந்து போக ஆள் மாற்றிவிட மாட்டார்கள், அதனால் நான் குடிப்பதே இல்லை.

மே 26, செவ்வாய்

காலையில் டூட்டி மாறும்போது எஸ்தர் என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

“யக்கா, கண்ணு மஞ்சளா இருக்கு. கண்ணாடியே பாக்கலையா நீங்க?”

பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா? மூன்று நாளாகப் பார்க்கிறேன். அப்பாவுக்கும் முதலில் கண்தான்.

எஸ்தரே இவருக்கு போன் போட்டாள். இவர் கடையிலிருந்து ஆட்டோவில் வந்தார். வழி முழுக்க என் கையை விடவே இல்லை. திருநெல்வேலிக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. உடனே அட்மிட்.

மே 27, புதன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். டைரி பையில் இருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் விட்டத்தைப் பார்த்தே பைத்தியம் பிடித்திருக்கும்.

டாக்டரம்மாவுக்கு என்னை ஞாபகம் இருக்கிறது. மூன்று வருஷம் எங்கே போனீங்க என்று கேட்டார். மாத்திரையை மார்ச்சில் நிறுத்தியதைச் சொன்னதும் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அது நெனச்சா நிப்பாட்டுற மாத்திரை இல்லம்மா. அது வைரஸைக் கட்டிப் போட்டு வச்சிருந்தது. நீங்க அவுத்து விட்டுட்டீங்க. கிட்னிக்கு ஒத்துக்கலேன்னா வேற மாத்திரை மாத்துவோம், நிப்பாட்டவே மாட்டோம். அதக் கண்டுபிடிக்கத்தான ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் குடுக்க வரச் சொன்னேன்?”

ஈரல் ஒரே தீயாக இருக்கிறதாம், ரத்தம் உறைகிற நேரமும் கூடியிருக்கிறது. கிட்னியைக் கம்மியாகத் தொடுகிற வேறு மாத்திரை இன்றே ஆரம்பித்தாயிற்று. கிரியாட்டினின் 2.2. அதுதான் அவருக்குப் புரியவில்லை. பழைய மாத்திரையை நிறுத்தி இத்தனை நாள் ஆன பிறகும் கிட்னி ஏன் ஏறுகிறது?

வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நாட்டு மருந்து, பச்சிலை, லேகியம்? இல்லை என்றேன். வலி மாத்திரை?

இல்லை என்றேன். செட்டை யாராவது மருந்து என்று கணக்கில் சேர்ப்பார்களா? அதோடு எதிர்க்கடையில் வாங்கியதை இவர் முன்னால் எப்படிச் சொல்வது? டாக்டரம்மா இவரைப் பார்த்தார். இவரும் இல்லை என்றார். அதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மெடிக்கலில் வேலை செய்கிறவர், அவருக்குத் தெரியாதா? அவரே இல்லை என்றால் செட்டில் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். இப்படி நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மே 28, வியாழன்

அபிராமி வந்தாள். என் கண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னதில் அவளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது, ஒன்றும் வராது என்று டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம்.

ஆஸ்பத்திரிக் கட்டில் நம் கவுண்டர் நாற்காலிக்கு அண்ணன். இடுப்பு விண்விண் என்று தெறிக்கிறது. கைப்பையில் எதிர்க்கடைக் கவர் ஒன்று மிச்சம் இருந்தது. இவர் டீ வாங்கப் போனபோது போட்டுக்கொண்டேன்.

மே 30, சனி

2.6. சிறுநீர் குறைந்துவிட்டது. கால் வீங்கியிருக்கிறது, அழுத்தினால் குழி விழுகிறது. நாளைக்கும் ஏறினால் டயாலிசிஸ் போட வேண்டி வரும், கழுத்தில் குழாய் வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா இவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது, எனக்கும் கேட்டது.

எனக்குச் சாக விருப்பம் இல்லை. சும்மா எழுதவில்லை, நிஜமாகவே பயமாக இருக்கிறது. பிள்ளைக்குப் பதினாறுதான் ஆகிறது.

இவர் உள்ளே வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னாங்க என்று தெரியாத மாதிரி கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அப்புறம் விடுவிடுவென்று வெளியே போனார். பத்தடி போவதற்குள் டாக்டரம்மாவை நிறுத்தி, மறுபடி உள்ளே அழைத்து வந்தார். என் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

“நான்தான் டாக்டர் குடுத்தேன். வலி செட்டு. மூணு வருசமா, தெனமும் சாயங்காலம். ஏப்ரல்ல ரெண்டாவது ரிசல்ட் வந்தப்பத்தான் எனக்கு உறைச்சுது. அன்னைக்கே நிப்பாட்டிட்டேன். ஏன் நிப்பாட்டுதேன்னு இவகிட்ட சொல்ல வாய் வரல.”

சொல்லி முடித்துவிட்டு, பெரிய பாரத்தை இறக்கிய ஆள் மாதிரி நின்றார். நிறுத்திவிட்டேன், நிறுத்திவிட்டேன் என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பழக்கமாகிவிடும் என்றாரே, அந்த நாள். என் கிட்னி கெட்டுப்போகிறது என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னார். அந்த ஒரு நிமிஷம் அவரை எனக்கு அடிக்கத் தோன்றியது. கையை நீட்டித் தலைமாட்டில் இருந்த கைப்பையை இழுத்தேன். உள்ளே கசங்கிக் கிடந்த காலிக் கவரை எடுத்துப் போர்வை மேல் வைத்தேன்.

“நிக்கல. நீங்க தரலேன்னதும் டோலுக்கு எதிர்ல வாங்கிப் போட்டேன். நேத்துக்கு முந்தின நாள்கூட.”

இவர் அந்தக் கவரையே பார்த்தார். பின்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். நான் அழவில்லை.

டாக்டரம்மா கவரை எடுத்து முகர்ந்து பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்த்தார். ஈரல் மாத்திரையும் வலி மாத்திரையும் சேர்ந்து ரெண்டு பக்கமும் கிட்னியைப் போட்டு அடித்திருக்கிறது, ஈரல் மாத்திரையை நிறுத்தின பிறகும் வலி மாத்திரை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்றார். இப்போதாவது தெரிந்ததே, இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியும் என்று சிஸ்டரைக் கூப்பிட்டார். போகும்போது இவரைப் பார்த்து ஒன்று கேட்டார்.

“கடையில இன்னும் எத்தன பேருக்கு இப்படிக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க?”



ஜூன் 1, திங்கள்

2.6. ஏறவில்லை. குழாய் வைக்கவில்லை.

ஜூன் 3, புதன்

2.3. சிறுநீர் நன்றாகப் போகிறது. சிறுநீர் போவதை டைரியில் எழுதிச் சந்தோஷப்படுகிற காலமும் வந்தது. இடுப்பு வலிக்கிறது, வலிக்கட்டும்.

இவரிடம் நான் பேசவில்லை. அவரும் அபிராமியைக் கேட்டுத்தான் எனக்கு இட்லி வாங்குகிறார்.

ஜூன் 12, வெள்ளி

வீடு. கண் வெளுத்துவிட்டது. டோலுக்கு ஒரு மாசம் லீவு. எஸ்தர் பார்க்க வந்தாள். என்ன நோய் என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். என் டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, சாப்பாட்டில் தொற்றாதுக்கா, எங்க பெரியப்பாவுக்கும் உண்டு என்றாள். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தேன் என்று இருந்தது.

ஜூன் 20, சனி

கடையில் யார் செட் கேட்டு வந்தாலும், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ரத்தம் பார்த்தீர்களா என்று இவர் விசாரணை வைக்கிறாராம். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்களாம். அண்ணாச்சி ஏசியிருக்கிறார். அபிராமிதான் வந்து சொன்னாள். அன்றைக்கு என்னைக் கேட்காமல் இப்போது ஊரைக் கேட்டு என்ன?

ஜூலை 15, புதன்

திருநெல்வேலி. ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வரும் வரை மர நிழலில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் பையை வைத்துக்கொண்டு.

ஈரல் அடங்கிவிட்டது. கிரியாட்டினின் 1.3. இன்னும் குறையுமா என்று கேட்டேன். கொஞ்சம் குறையலாம், பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. புது மாத்திரை ஆயுசுக்கும். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். டோலில் லீவு கொடுக்க மாட்டார்கள் என்றேன். நான் எழுதித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார்.

மருந்துக் கவுண்டரில் நல்ல வரிசை. இவர் எப்போதும்போல முன்னால் போய் நின்றுகொண்டு, பின்னால் கையை நீட்டினார். மருந்துச் சீட்டுக்கு. இத்தனை வருஷமாக நீட்டுகிற கை அது. நான் சீட்டைக் கொடுக்கவில்லை. வரிசையில் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“என் மாத்திரைய இனி நானே வாங்கிக்கிடுதேன்.”

“என்னைய நம்பலையா சம்முகம்?”

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம், என்னால் முடியவில்லை.

“இன்னும் இல்ல” என்றேன். “ஆனா நீங்க போயிராதீங்க. இங்கனயே நில்லுங்க.”

முகம் செத்துப்போய்விட்டது அவருக்கு. ஆனாலும் போகவில்லை. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து, என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசை நகர நகர அவரும் கூடவே நகர்ந்து வந்தார். என் முறை வந்தது. சீட்டை உள்ளே கொடுத்தேன். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். இல்லை என்று நான் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.